ஏழு நிமிடம் செலினியத்தில் கிடந்த முகம்

1. குப்பைக்குப் போக வேண்டிய பிரிண்ட்

"இதுதான்! நான் இத்தனை நாளா தேடிட்டு இருந்தது இதுதான்" என்று நந்தினி மேடம் அந்த பிரிண்ட்டைத் தூக்கிப் பிடித்தார். அது நான் கெடுத்த பிரிண்ட். தூக்கிப் போடுவதற்காகக் கொடிக்கயிற்றின் கடைசியில் தனியாக மாட்டி வைத்திருந்தேன்.

உத்திரமேரூரில் என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடம் ஒன்று இருக்கிறது. பிரிண்ட் போட்ட படத்தைச் செலினியம் கரைசலில் ஊறவைத்துக் கறுப்பை ஆழமாக்கும் டோனிங் வேலையை அங்கேதான் செய்வேன். படத்தை பிரிண்ட் போடத்தான் இருட்டறை வேண்டும். டோனிங் பகல் வெளிச்சத்தில் செய்கிற வேலை. நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அம்மோனியா நெடி மூக்கில் ஏறாமல் காற்று ஓட வேண்டும். ரப்பர் உறை போடாமல் அந்த ட்ரேயில் கை வைக்கக் கூடாது. செலினியம் விஷம்.

அன்று காலை அந்த பிரிண்ட்டை ட்ரேயில் போட்ட நேரம் பார்த்து மாடித் தொட்டி நிரம்பி, பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த நெல்லின் மேல் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. மோட்டாரை நிறுத்த ஓடினேன். அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, நனைந்த நெல்லை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் ஏழு நிமிடம் ஆகியிருந்தது. மூன்று நிமிடத்தில் எடுத்திருக்க வேண்டும். அதுவும் வார்ம் டோன் பேப்பர். பேப்பரில் வெளிச்சம் விழும் எக்ஸ்போஷரும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தேன்; அது கூடினால் படம் கறுக்கும். இரண்டு தப்பும் சேர்ந்து, முகம் முழுவதும் கத்திரிக்காய்த் தோல் நிறத்துக்குப் போய், அதையும் தாண்டிக் கறுத்து, கண்ணின் வெள்ளையும் ஒரு பல்லும் மட்டும் மிஞ்சியிருந்தன.

நந்தினி மேடம் சென்னையில் ஒரு கேலரி நடத்துகிறவர். அங்கே நடக்கவிருந்த கண்காட்சிக்கு நான் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். படங்களை எடுத்தவர் கௌதம். வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க இருவரும் காரில் வந்திருந்தார்கள்.

"மேடம், அது வேஸ்ட் பிரிண்ட். வெளியில போய்ட்டு வர்றதுக்குள்ள ஊறிப்பூட்ச்சி" என்றேன்.

"வேஸ்டா? எவ்ளோ பவர்ஃபுல்லா இருக்கு பாருங்க. அந்த இருட்டுக்குள்ளேர்ந்து கண்ணு மட்டும் நம்மளையே பாக்குது. இருபத்துநாலு படமும் இதே மாதிரி வேணும்."

கௌதம் என்னைப் பார்த்தார். நான் மேடம் கையிலிருந்த முகத்தைப் பார்த்தேன். அது கன்னியம்மா. திருமுக்கூடலில் நான் பிறந்து வளர்ந்த காலனியில் எங்களுக்கு எதிர் வீடு.

2. பேப்பரைக் கேள்

என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "செலினியம் போட்டா என்ன கலர் வரும்?" என்பது. அது கேள்வியே இல்லை என்பேன். எந்தப் பேப்பர் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

குளிர்ந்த நீலச் சாயலுள்ள கோல்ட் டோன் பேப்பரை அரை மணி நேரம் போட்டாலும் நிறம் அதிகம் மாறாது. மங்கலான பச்சைச் சாயல் ஏதாவது இருந்தால் அது போகும். கறுப்பு இன்னும் ஆழமாக இறங்கும். பழுப்புச் சாயலுள்ள வார்ம் டோன் பேப்பர் அப்படி விட்டுவைக்காது. போட்ட இரண்டாவது நிமிடமே நிழல் பகுதிகள் பழுப்பாகும். அப்புறம் அந்தப் பழுப்பு மேலே ஏறிக்கொண்டே வரும். நடுவில் எடுத்துவிட்டால் நிழல் சிவந்தும் வெளிச்சம் வெண்மையாகவும் இரண்டு நிறமாக நிற்கும். விட்டால் மொத்தமும் ஊதா கலந்த பழுப்பு. பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. பேப்பர் சீக்கிரம் கழுவி முடிந்துவிடும் என்பதால் அதை நான் சோதனைக்கு வைத்துக்கொள்வேன். ஒரே கம்பெனியின் ஒரே பேப்பர்கூட இந்தப் பெட்டிக்கு ஒரு மாதிரியும் அடுத்த பெட்டிக்கு வேறு மாதிரியும் நடக்கும். அதனால் பெட்டி பிரித்ததும் ஒரு தாளை நான்கு துண்டாக வெட்டி, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு நிமிடம் போட்டு, பின்னால் பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

இன்னொன்று. படத்தை நிலைக்கவைக்கப் போடும் ஹைப்போ உப்பு சரியாகக் கழுவாமல் பேப்பரில் மிச்சம் இருந்தால் செலினியம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளையில் மஞ்சள் கறை விழும். எங்கள் ஊர் போர் தண்ணீரில் இரும்பு அதிகம். அதை வடிகட்டிக் கழுவ மட்டும் வைத்துக்கொண்டு, டோனர் கலக்கக் கேன் தண்ணீர்தான்.

இதெல்லாம் நான் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. பத்தாவது முடித்ததும் உத்திரமேரூரில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் கழுவச் சேர்ந்தேன். கழுவுவதிலிருந்து பிரிண்ட் போடுவதற்கு வர நான்கு வருடம் பிடித்தது. ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு மாறியபோது நெகடிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரை முதலாளி ஓரங்கட்டினார்; அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது ஃபிலிமில் படம் எடுக்கும் இளைஞர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூரியரில் நெகடிவ் அனுப்புகிறார்கள். வேலைக்குக் குறைவில்லை.

3. எங்கள் ஆட்கள்

கௌதமைப் பற்றித் தப்பாகச் சொல்ல மாட்டேன். நல்ல பையன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற அந்த ஊரில் ஒரு நடவுக் காலம் முழுக்கத் தங்கி, கூலி வேலை செய்கிறவர்களைப் படம் எடுத்திருந்தார். ஒவ்வொருவரையும் கேட்டு, உட்காரவைத்து, பொறுமையாக எடுத்த முகங்கள்.

ஒரு ரோல் படங்களும் சின்னச் சின்னதாக ஒரே தாளில் விழுந்த முதல் கான்டாக்ட் ஷீட்டை விளக்கின் கீழ் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கன்னியம்மா, எங்கள் மாதா கோயிலில் மணி அடித்த சூசை பெரியப்பா, என்னோடு பள்ளிக்கூடம் வந்த அமுதா. கௌதமிடம் சொன்னேன், "தம்பி, இவங்க எல்லாம் எங்க காலனி ஆளுங்க. நானும் அங்கதான் பொறந்தேன்."

"அப்ப உங்களைவிட நல்லா யாரும் பிரிண்ட் போட முடியாதுக்கா" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு அதிகமாக வலித்தது.

4. முடியாது

கெட்டுப்போன பிரிண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே நந்தினி மேடம் பேசினார். சுவர் முழுக்கக் கறுப்பு முகங்கள், அறையிலும் மங்கலான வெளிச்சம், ஒவ்வொரு முகத்திலும் கண் மட்டும். கேட்கும்போதே அவர் மனதில் அந்த அறை கட்டி முடிந்திருப்பது தெரிந்தது.

"மேடம், நெகடிவ்ல அந்தம்மாவோட கன்னத்துச் சுருக்கம் கீது. மூக்குத்தி கீது. நெத்தியில அம்மத் தழும்பு கீது. நெகடிவ் அல்லாத்தையும் குடுத்துகீது. நான் ஏன் அத்த மூடணும்?"

"மூடறது இல்ல ஸ்டெல்லா. அது ஒரு மிஸ்டரி."

"அவங்க மிஸ்டரி இல்ல மேடம். நாத்து நட்றவங்க. ஒவ்வொருத்தருக்கும் பேர் கீது."

அவர் முகம் மாறியது. குரலை உயர்த்தவில்லை. "நீங்க ரொம்ப நல்ல பிரிண்டர். ஆனா எப்படி இருக்கணும்னு முடிவு பண்றது ஆர்ட்டிஸ்டும் நானும்."

கௌதம் நடுவில் புகுந்தார். "அக்கா, ஒரு நாலஞ்சு மட்டும் அந்த மாதிரி பண்ணிப் பாக்கலாமா?"

அந்த வருடம் என் கையில் இருந்த பெரிய வேலை அதுதான். ஆனாலும் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நெகடிவ் உங்களுது தம்பி. கை என்னுது. என்னால முடியாது."

நெகடிவ் ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள். போவதற்கு முன் கெட்ட பிரிண்ட்டையும் மேடம் கேட்டார். தர முடியாது என்று அதற்கும் சொன்னேன்.

கார் போன பிறகு வெகுநேரம் ட்ரேக்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோவில் வேலை பார்த்த நாட்கள் நினைவுக்கு வந்தன. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் போட்டோ என்றால் முதலாளி வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். "இன்னாம்மா இது, பொண்ணு இம்மாங் கறுப்பா வந்துகீது? வெளுப்பா அடி. எக்ஸ்போஷரப் பாதியாக் கொற." நானும் குறைப்பேன். மூக்கு எங்கே, கன்னம் எங்கே என்று தெரியாமல் மாவு பூசியது போல ஒரு முகம் வரும். முதலாளிக்குத் திருப்தி. அப்படி எத்தனை பெண்களை அழித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அப்போது எனக்கு இருபது வயது. எதிர்த்துப் பேசத் தெரியாது.

அன்று வெளுக்கச் சொன்னார்கள். இன்று கறுக்கச் சொல்கிறார்கள். இருக்கிற நிறத்தில் போடு என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. இதை நினைத்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

5. கன்னியம்மா பார்த்தார்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருமுக்கூடலுக்கு பஸ் ஏறினேன். ஒரு உறையில் இரண்டு பிரிண்ட். ஒன்று ஏழு நிமிடம் கிடந்தது. மற்றொன்று முதல் வாரமே கோல்ட் டோன் பேப்பரில் நான் போட்டுப் பார்த்தது.

கன்னியம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். கெட்ட பிரிண்ட்டை முதலில் கொடுத்தேன். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"ஆருடி இது?"

"நீதான்க்கா."

"நானா? அடுப்புல மறந்துவுட்ட தோசையாட்டம் கீது!"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு தடவை பார்த்தார்.

"நான் கறுப்புதான். இல்லன்னு ஆரு சொன்னா? ஆனா மூஞ்சி எங்கடி? கறுப்பா கீறது வேற, காணாம பூட்றது வேற. இத்த எங்க மாட்டப் போறாங்க?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். மற்ற பிரிண்ட்டையும் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் நெற்றித் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். "தோ, இது நானு. எங்கம்மா ஜாடை அப்புடியே கீது" என்றார். பிறகு கெட்ட பிரிண்ட்டை என்னிடம் கேட்காமலே இரண்டாகக் கிழித்தார். பிளாஸ்டிக் பூசாத கெட்டியான ஃபைபர் பேப்பர் லேசில் கிழியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கிழித்தார்.

"அந்தத் தம்பிக்கு போன் போடு."

"வேணாங்க்கா. அவரு பாவம், நடுவுல மாட்டிக்கினு—"

"போடுடி."

போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

"தம்பி, நான் கன்னியம்மா பேசறேன். வரப்புல உக்காரவச்சி படம் புட்ச்சியே, டீ குடுத்தனே, அந்த கன்னியம்மா. நல்லா கீறியா?"

"நல்லா இருக்கேன்மா. சொல்லுங்க."

"நீ கேட்ட, நான் மூஞ்சி காட்னேன். என் மூஞ்சியத்தான் காட்னேன். நீ அத்த கரி பூசி மாட்னீன்னு வையி, நானே பஸ் ஏறி வந்து கயட்டி எட்த்துக்கினு பூடுவேன். சொல்லிட்டேன். மத்தவங்களையும் ஒரு வார்த்த கேளு."

"உங்ககிட்ட முதல்லயே கேட்டிருக்கணும்மா" என்றார் கௌதம். "ஆமா" என்று சொல்லிவிட்டு கன்னியம்மா மறுபடி கீரை ஆயத் தொடங்கினார்.

6. கறுப்பு எங்கே இருக்க வேண்டும்

நான்கு நாள் கழித்து கௌதம் தனியாக வந்தார். நெகடிவ் ஃபைலோடு இன்னொரு உறையும் இருந்தது. சென்னையில் வேறொருவரிடம் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து, மேடம் கேட்டபடியே கறுப்பாக ஆறு படம் போட்டிருந்தார். அவற்றை என் மேசை மேல் வரிசையாகப் பரப்பினார்.

"எல்லாரும் ஒரே ஆள் மாதிரி இருக்காங்கக்கா" என்றார். "ஒரு மாசம் அவங்ககூட இருந்தேன். எனக்கே யார் யாருன்னு தெரியல."

அவர் மேடத்திடம் சண்டை போட்டிருந்தார். மேடம் ஒரே ஒரு வழி விட்டிருந்தார். அதே அளவு பலமுள்ள ஒரு பிரிண்ட்டைக் காட்டினால் ஒத்துக்கொள்வார். இல்லையென்றால் கண்காட்சி இல்லை. அதற்கு இரண்டு வாரம் கெடு.

பலம் என்று அவர் சொன்னது எது என்று நான் யோசித்தேன். அவருக்குப் பிடித்தது அந்த ஆழமான கறுப்பு. அதில் தப்பில்லை, செலினியம் போடுவதே அதற்குத்தானே. ஆனால் அந்தக் கறுப்பு முகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அதை முகத்துக்குப் பின்னால் அனுப்ப வேண்டும்.

கௌதமின் படங்களில் பின்னணி எல்லாம் குடிசையின் நிழல், வைக்கோல் போர், மழை மேகம். கோல்ட் டோன் ஃபைபர் பேப்பரை எடுத்தேன். முகத்துக்குக் கான்ட்ராஸ்ட் குறைத்து, எக்ஸ்போஷரையும் கொஞ்சம் குறைத்தேன். ஃபைபர் பேப்பர் காயும்போது தானாகவே கொஞ்சம் கறுக்கும், செலினியம் இன்னும் கொஞ்சம் இறக்கும்; அந்த இரண்டுக்கும் முன்கூட்டியே இடம் விட வேண்டும். பின்னணிக்கு மட்டும் அட்டையால் முகத்தை மறைத்துக் கூடுதல் வெளிச்சம் கொடுத்தேன். டோனர் ஒன்றுக்குப் பதினைந்து பங்கு தண்ணீர், நான்கு நிமிடம். பக்கத்தில் டோன் செய்யாத பிரிண்ட் ஒன்றை ஈரமாக வைத்துக்கொண்டு, இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி செய்ய வேண்டும். கண் ஏமாற்றும்; ஒப்பிட ஒன்று இல்லாமல் டோனிங் செய்கிறவன் ஏமாறுவான்.

முதல் எட்டு பிரிண்ட்டும் போயின. கழுவிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் மோட்டார் நின்றது; போதும் என்று நினைத்து டோனரில் போட்டேன். வெள்ளை ரவிக்கையெல்லாம் மஞ்சள் கறை. எட்டையும் மறுபடி போட்டேன். வீட்டில் சோறு பொங்கினேனா என்றுகூட நினைவில்லை.

சூசை பெரியப்பாவின் படத்தை மட்டும் வார்ம் டோன் பேப்பரில் போட்டேன். மாலை வெயிலில் எடுத்த படம். கோல்ட் டோனில் அவர் நோயாளி போலத் தெரிந்தார். வார்ம் டோனில் இரண்டு நிமிடம், கையில் கடிகாரத்தோடு. நிழலில் பழுப்பு ஏறி கன்னத்துக்கு வருவதற்குள் தூக்கிவிட்டேன். அவர் உடம்புச் சூடே தெரிந்தது. பேப்பர் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. எந்த முகத்துக்கு எது என்று பார்க்காமல், எல்லாவற்றுக்கும் ஒன்றே என்று சொன்னதோடுதான் பகை.

7. மேடம் வந்தார்

நந்தினி மேடம் வந்த அன்று பிரிண்ட்களைக் கொடியில் மாட்டவில்லை. வெள்ளைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தேன். கன்னியம்மா நடுவில். பின்னால் குடிசையின் இருட்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போன்ற கறுப்பு. அதிலிருந்து முகம் முன்னால் வந்து நின்றது. சுருக்கம், மூக்குத்தி, தழும்பு, வெற்றிலைக் கறை படிந்த உதடு எல்லாம் இருந்தன.

மேடம் ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து நின்றார். கௌதம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எனக்கு இன்னும் அந்த பிரிண்ட்தான் பிடிச்சிருக்கு" என்றார் கடைசியில். "பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதை வேண்டாம்னு சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கல."

"காரணம் கெடைக்காதுங்க மேடம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மெல்லிசாகச் சிரித்தார். சுவரில் பிரிண்ட் போட்டவர் பெயர் வராது, அது அவர்கள் வழக்கம் இல்லை என்று சொன்னார். பெயர் வராவிட்டால் பிரிண்ட்டும் வராது என்று நான் சொன்னேன். கௌதம் உடனே, "அக்கா பேர் இல்லன்னா என் பேரும் வேணாம்" என்றார். அவர் பக்கம் திரும்பி, இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பெயர் வந்தது.

8. சுவரில்

திறப்பு நாளன்று ஒரு வேன் பிடித்துக் காலனியிலிருந்து பதினோரு பேர் போனோம். ஏசி குளிருக்குப் பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். சூசை பெரியப்பா தன் படத்தின் முன்னால் நின்று சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். அமுதா அவளுடைய படத்தோடு செல்ஃபி எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

கன்னியம்மா தன் படத்துக்குப் பக்கத்தில் காவல்காரர் போல நின்றிருந்தார். காதில் ஜிமிக்கி போட்ட ஓர் இளம்பெண் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இது நீங்களாம்மா?"

"நான்தான். கன்னியம்மா. திருமுக்கூடல்" என்றார். "நல்லா கிட்ட வந்து பாரு."

அந்தப் பெண் கிட்டே போய்ப் பார்த்தாள்.

வேலை பழகுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். டோனரில் எத்தனை பங்கு தண்ணீர், எவ்வளவு நேரம், எந்தப் பேப்பர் எல்லாம் ஆறு மாதத்தில் வந்துவிடும். முடியாது என்ற வார்த்தை வர எனக்கு இந்தத் தொழிலில் முப்பத்தைந்து வருடம் ஆனது. நீங்கள் அத்தனை நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம். ட்ரேயில் கிடப்பது ஒருவருடைய முகம். அவரிடம் கொண்டுபோய்க் காட்டக் கூசுகிற பிரிண்ட்டை யார் கேட்டாலும் போடாதீர்கள். வெளுக்கச் சொன்னாலும் சரி, கறுக்கச் சொன்னாலும் சரி.

நந்தினி மேடம் அதற்குப் பிறகு எனக்கு வேலை அனுப்பவில்லை. அனுப்பினால் செய்வேன். நிபந்தனை அதேதான்.